ரன்னர் மாப்பிள்ளைக்கு ஓலை

மரியே வாழ்க

செஞ்சி
14-3-1965, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் ஆரோக்கியத்துக்கு நைனா மதலைமுத்து சொல்லச் சொல்ல உன் தங்கை சவரி எழுதுவது. இங்கே உன் அம்மா அருளம்மாள் சுகம், சவரி தேவைக்கு மேல் சுகம், மாடு சுகம், கன்றுக்குட்டியும் துள்ளிக்கொண்டிருக்கிறது. என் சுகத்தை மட்டும் கேட்காதே. நீ அங்கே குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன், கேட்கும்போதே பல்லையும் கடித்துக்கொள்கிறேன். உனக்கு ஆரோக்கியம் என்று பேர் வைத்து, ஊரார் ஆரோக்கியத்தைப் பார்க்கிற நர்ஸ் வேலைக்கு லண்டன் வரைக்கும் அனுப்பி, கடைசியில் கெட்டது என் ஆரோக்கியம். (இந்தச் சிலேடை என்னுடையது. நைனா சொன்னது இதைவிடக் காரமாக இருந்தது. படித்துக் காட்டினேன், இருக்கட்டும் என்றார். - சவரி.)

இவளை எழுத வைத்திருப்பது தண்டனைக்காக. அவள் செய்த அநியாயத்தை அவள் கையாலேயே எழுத வேண்டும், ஒரு வார்த்தை மாறக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் உன் சங்கதி. நீ கேட்டது ஒரு காகிதம். மே மாதம் முதல் தேதி சனிக்கிழமை அங்கே உன் கலியாணம் நடக்க வேண்டுமானால், நீ ஞானஸ்நானம் வாங்கின இந்தக் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஓலை வாசிக்க வேண்டும், யாரும் தடை சொல்லவில்லை என்று சாமியார் கையெழுத்துப் போட்ட காகிதம் உங்கள் சாமியார் கைக்கு வர வேண்டும், அது இல்லாமல் அவர் கைபிடித்து வைக்க மாட்டார். நீ எழுதி ஐந்து வாரம் ஆகிறது. தபால் தாமதம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இருபத்துமூன்று வருஷமாகத் தபால் பை சுமக்கிறவன் மகள் தபாலைக் குறை சொல்லக் கூடாது. தாமதம் நான்தான். வேண்டுமென்றேதான் தாமதம்.

இப்போது சவரியின் அநியாயம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் கடிதம் வந்தபோது என் கண்ணாடியை மாடு மிதித்து உடைத்திருந்தது. விலாசத்தில் இருக்கிற பெரிய எழுத்தைத்தான் என்னால் அப்போது படிக்க முடியும், நீயோ நர்ஸ் ஆன பிறகு டாக்டர் மாதிரிக் கிறுக்குகிறாய். ஆகவே இவள் படித்தாள். நீ எழுதியிருந்தது, நைனா நான் ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன், பேர் செல்வின், நம் வேதம்தான், ஊர் ட்ரினிடாட், அவர் ஒரு ரன்னர் என்று. இவள் படித்தது, பேர் செல்வின், நம் வேதம்தான், ஊர் திருநெல்வேலி, அவர் ஒரு ரன்னர் என்று. மாற்றினது ஊர் ஒன்றைத்தான். செல்வின் என்று திருநெல்வேலிப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன். ரன்னர் என்றால் எனக்குத் தெரிந்த ரன்னர் தபால் இலாகாவில்தான் உண்டு. முத்திரை வைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு செஞ்சியில் கிளம்பி, சிங்கவரம் தாண்டி, கடலைக்கொல்லை வரப்பெல்லாம் தாண்டி, வெயிலானாலும் மழையானாலும் நேரத்துக்கு அடுத்த ஊரில் பையை இறக்க வேண்டும். அவலூர்பேட்டைப் பைக்கு பஸ் கிடைத்துவிட்டது, என் ஊர்களுக்கு என் கால்தான் பஸ். இலாகா எங்களுக்கு ரன்னர் என்று பேர் வைத்திருக்கிறது, ஒருநாள் கூட ஒருத்தனும் ஓடினதில்லை. அப்படிப்பட்ட ஒரு ரன்னரின் மகள், தகப்பன் உள்ளங்கால் வெடிப்பை சின்ன வயதிலிருந்து பார்த்தவள், கப்பலேறிப் போய் அங்கேயும் ஒரு ரன்னரையா பிடித்தாள் என்று எனக்கு வந்த கோபத்தில் சோற்றைத் தொடவில்லை. (சோறு தின்று முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் தின்னவே இல்லையே, நான் எப்போது சொல்வது.)

மறுநாள் போஸ்ட்மாஸ்டர் அரங்கநாதனிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் மூக்குப்பொடியை இழுத்துக்கொண்டே, லண்டனில் கூட ரன்னர் வைத்திருக்கிறானா, வெள்ளைக்காரன் இலாகாவே இப்படித்தானா என்று கேட்டார். என் கூட வேலை பார்க்கிற பொன்னுசாமி தன் மகனுக்கும் அங்கே ஒரு ரன்னர் வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லி உன் பேருக்கு விண்ணப்பமே எழுதிக் கொண்டுவந்துவிட்டான். ஊர் முழுக்கச் செய்தி நடந்துவிட்டது, அதன் பிறகு இவளுக்கு வாய் திறக்கப் பயம். நானும் உனக்கு எழுதிப்போட்டேன். ரன்னர் வேண்டும் என்றால் செஞ்சியிலேயே மூன்று பேர் இருக்கிறோம், அதற்கு லண்டன் எதற்கு, ரன்னருடைய கால் என்ன கதிக்கு ஆகும் என்று உனக்குத் தெரியாதா, கால் போன பிறகு அவனை யார் வைத்துக் காப்பாற்றுவது என்று. அதற்கு நீ எழுதின பதிலை இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. அவருக்குக் கால் போனது உங்களுக்கு எப்படித் தெரியும் நைனா, நான் எழுதவே இல்லையே என்று கேட்டிருந்தாய். கூடவே போட்டோவும் ஒரு இங்கிலீஷ் பேப்பர் துண்டும் வைத்திருந்தாய். பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு, மார்பில் நம்பர் குத்திக்கொண்டு, ஒரு கயிற்றை மாரால் தள்ளிக்கொண்டு, வாயைத் திறந்தபடி ஒரு கறுப்பு ஆள். உன் அம்மா பார்த்த உடனே போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். கலியாணத்துக்குப் பெண் கேட்டு அனுப்புகிற போட்டோவில் ஒரு வேட்டி கட்டக் கூடாதா என்று கேட்டாள். திருநெல்வேலியில் இப்படி எல்லாம் திரிவார்களா என்று நான் சவரியைத் திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணவில்லை. ராஜகிரிக் கோட்டை மலை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த சமயம், தேடிப் போக வாத்தியாரும் இல்லை. பசித்த பிறகுதான் இறங்கி வந்தாள். என்ன கிடைத்தது என்பதை அவளே எழுதட்டும். (விளக்குமாறு. நாலு. ஐந்தாவது மாட்டுக்கு விழுந்தது.)

ஆரோக்கியம், எனக்குக் கோபம் அவன் கறுப்பு என்றா என்று நீ கேட்பாய். அதற்கு வருகிறேன். முதல் கோபம் நீ மறைத்தது. அவனை உனக்குத் தெரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒன்றரை வருஷத்தில் நீ எனக்குப் பதினெட்டுக் கடிதம் எழுதினாய், அதில் லண்டன் பனியைப் பற்றி எழுதினாய், ஆஸ்பத்திரி மேட்ரன் வளர்க்கிற பூனையைப் பற்றிக் கூட எழுதினாய். இந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளை பிறந்தது, கிழம் செத்தது, கேஸ் ஜெயித்தது, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டது எல்லாம் என் தோளில்தான் போகிறது. என் சொந்த மகள் சங்கதி மட்டும் என் தோளுக்கு வரவில்லை. பூனைக்குக் கொடுத்த இடத்தில் அவனுக்கு ஒரு வரி கொடுத்திருந்தால் நான் அன்றைக்கே திட்டி முடித்திருப்பேன், இத்தனை மாதத்துக் கோபம் சேர்ந்திருக்காது.

சரி, யார் இவன் என்று தெரிந்துகொண்டாவது திட்டலாம் என்று அந்தப் பேப்பர் துண்டை அரங்கநாதனிடம் கொடுத்து அர்த்தம் கேட்டேன், நீ பக்கம் பக்கமாக எழுதியிருந்ததை சவரியை விட்டு மூன்று தரம் படிக்கச் சொன்னேன். இந்தத் தடவை பக்கத்தில் விளக்குமாறு வைத்துக்கொண்டு. அவன் தீவு, நம் ஜனங்களைக் கூட ஒரு காலத்தில் கப்பலேற்றிக் கரும்பு வெட்டக் கொண்டு போன தீவு என்று எழுதியிருக்கிறாய். அவன் தகப்பனும் கரும்பு வெட்டினவன், இவனுக்கு ஏழு வயதாகும்போது செத்துவிட்டான், தாய் எஸ்டேட் துரை வீட்டில் துணி வெளுத்து ஆறு பிள்ளைகளை வளர்த்தாள். கரும்பு ஏற்றிப் போகிற குட்டி ரயிலுக்குப் பின்னாலே ஓடி ஒரு கழியை உருவிக்கொண்டு வருவானாம், காவல்காரன் தடியோடு துரத்துவானாம், ஒருநாளும் பிடித்ததில்லையாம். இதை நீ பெருமையாக எழுதியிருக்கிறாய். கரும்பு திருடினவன் கதையை அவன் மாமனாருக்கே எழுதுகிற பெண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அவனுக்கு முதல் முதல் ஓட்டம் சொல்லிக்கொடுத்தது ஒரு தடி என்றால், அதே தடி இங்கேயும் இருக்கிறது என்று சொல்லி வை.

பன்னிரண்டு வயதில் ஈஸ்டருக்கு மறுநாள் பாஸ்கா திங்கட்கிழமை கோயில் மைதானத்தில் ஓட்டப்பந்தயம், அதில் அவன் ஜெயித்து வாங்கினது ஒரு ஜோடி பூட்ஸ், அது இரண்டு விரற்கடை பெரிசு. காகிதத்தைத் திணித்துப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனான், ஓடுவதற்கு மட்டும் கழற்றி வைத்துவிடுவான், பத்தொன்பது வயது வரைக்கும் வெறுங்கால்தான். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை, சாயங்காலம் புல்தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து ஓட்டம். நூறு கஜத்தை ஒன்பதே முக்கால் நொடிக்கும் குறைவாக ஓடினான் என்று பேப்பரில் போட்டிருக்கிறதாம். ஒன்பதே முக்கால் நொடி. நான் பையைத் தூக்கித் தோளில் சரிசெய்து கொள்வதற்கு அதைவிட நேரமாகும். அதற்குள்ளே கைதட்டல், மாலை, பேப்பரில் பேர் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒன்பதே முக்கால் நொடியில் முடிகிற ஒரு வேலையை வைத்துக்கொண்டு ஒருத்தன் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று அரங்கநாதனைக் கேட்டேன். அவர், நீ இருபத்துமூன்று வருஷம் நடந்து பேப்பர்ல பேர் வந்துதா மதலை என்று கேட்டார். அவர் கூட நான் ஒரு வாரம் பேசவில்லை. (செல்வின் என்றால் செல்கிறவன், வேகமாகச் செல்கிறவன், செல்லாக்காசு இல்லை என்று நான் ஆறுதல் சொன்னேன். செல்கிறவன் உன் அக்காவை விட்டும் செல்வான் என்றார் நைனா. சிலேடையில் நான் தோற்றது அன்றைக்குத்தான்.)

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்கு அவனை அனுப்பினார்கள். அந்த வருஷம்தான் அவன் தீவுக்குச் சுதந்திரம் வந்தது, துணி கூட வெளுக்காத புதுக் கொடி. முதல் இரண்டு ஓட்டத்தில் தேறினான். மூன்றாவது ஓட்டத்தில் எழுபது கஜம் வரைக்கும் முன்னால் போனவன், தொடைக்குப் பின்பக்கம் நரம்பு பிய்ந்தது போலச் சதை கிழிந்து விழுந்தான். அங்கேயே கிடக்கவில்லை. எழுந்து ஒற்றைக் காலிலே தத்தித் தத்தி மீதி முப்பது கஜத்தையும் கடந்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், அவன் நேரத்தை யாரும் குறிக்கக் கூட இல்லை. அப்புறம் ஊருக்குத் திரும்பினால் மாலை போட்டு வழியனுப்பினவர்கள் எல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். காலைச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று லண்டன் வந்தான், கால் நடக்கிற அளவுக்குச் சரியாயிற்று, ஓடுகிற அளவுக்குச் சரியாகவில்லை. இப்போது பூமிக்குள்ளே ஓடுகிற ரயிலில் கார்டு. தான் ஓடாவிட்டாலும் ஓடுகிறதில் ஏறி நிற்கிறான். உன் ஆஸ்பத்திரிக்குக் கால் காட்ட வந்த இடத்தில்தான் உனக்குப் பழக்கம். எல்லாவற்றையும் கேட்டேன், எல்லாவற்றையும் திட்டினேன். அந்த முப்பது கஜத்தை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. பையை நடுவழியில் வைத்துவிட்டு வருகிறவன் ரன்னர் இல்லை என்பது எங்கள் இலாகாவில் எழுதாத சட்டம். இதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை, நியாயத்துக்குச் சொல்கிறேன், கோபம் கோபமாகத்தான் இருக்கிறது.

உன் அம்மா போட்டோவை இரண்டு நாளில் நிமிர்த்தி வைத்துவிட்டாள். அவள் தனியாகச் சாமியாரிடம் போய் ட்ரினிடாட் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாள், அவர் பரிசுத்த திரித்துவம் என்று அர்த்தம் சொல்லியிருக்கிறார், ஊர் பேரே திரித்துவம், அந்த ஊர்ப் பிள்ளை கெட்டவனாக இருப்பானா என்று என்னிடம் வந்து நின்றாள். அப்படியானால் அவலூர்பேட்டையில் பிறந்தவன் எல்லாம் அவலாகவா இருக்கிறான் என்று கேட்டேன். ஊரில் உன் மகள் ஓடிப்போய்விட்டாளாமே, ஓடுகிறவனோடுதான் ஓடினாளாமே என்று பேசுகிறார்கள் என்றும் சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள், ஓடிப்போறவ ஓலை கேட்டு எழுதுவாளா என்று. அதற்கும் கத்தினேன்.

இப்போது கறுப்புக்கு வருகிறேன். இந்த ஐந்து வாரமாக நான் ஊரெல்லாம் போய், ஓலை வாசிக்கட்டும், நானே எழுந்து தடை சொல்கிறேன் என்று சபதம் போட்டுக்கொண்டு திரிந்தேன். வாயில் என்னென்னவோ வந்தது, அதை எல்லாம் இதில் எழுத வேண்டாம் என்று சவரியிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் துணை நம் கோயில் உபதேசியார் லூர்துநாதன். ஏழு வருஷமாக என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறவர், இந்த ஐந்து வாரம் என்னை விட்டு நகரவில்லை, கட்டிலில் சரிக்குச் சரியாக உட்காரச் சொன்னார், காப்பி கூட வாங்கிக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது பத்துப் பேர் நடுவிலே என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார். "காப்பிரிக்கெல்லாம் நம்ம கோயில்ல ஓலையா மதலை. உங்க சனம் கறுப்புதான், அதுக்காக இவ்ளோ கறுப்பா தேடுவாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் ஆரோக்கியம். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் அந்த உங்க சனம் என்கிற வார்த்தை என் காதுக்குள் போயிற்று. அதே சங்கதியை நான் என் வாயால் ஐந்து வாரம் சொன்னபோது அது கோபமாக இருந்தது, அவர் வாயால் வந்தபோது அதற்கு வேறு பேர் என்று தெரிந்தது. அப்போதும் நான் மனசு மாறவில்லை. உன் மேல் இருந்த கோபத்தோடு அவர் மேலும் ஒரு கோபம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இன்று காலை பூசை. எனக்குத் தெரியாமல் உன் அம்மாவும் சவரியும் நேற்றே சாமியாரிடம் போய் உன் விவரம், அவன் விவரம் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். பிரசங்கம் முடிந்து உபதேசியார் ஓலை வாசிக்க எழுந்தார். முதலில் முன்வரிசை வீட்டு ஓலை ஒன்று. மாப்பிள்ளை பேர், தகப்பன் பேர், தாத்தா பேர், ஊர், தெரு, நில புலம் வைத்திருக்கிறவர் என்பது வரைக்கும் நிறுத்தி நிதானமாக மணி அடிக்கிற மாதிரி வாசித்தார். அடுத்தது உன்னுடையது. செஞ்சி மதலைமுத்து மகள் ஆரோக்கியம் என்றார். அப்புறம் காகிதத்தை மூக்குக்கு நேரே தூக்கி ஒருதரம் பார்த்துவிட்டு, அன்னிய தேசத்து ஆள் ஒருவன் என்று வாசித்து, முதல் ஓலை, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று முடித்தார். முடித்துவிட்டு உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் உன் அம்மா முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டாள். நான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்தபோது தடை சொல்லத்தான் எழுந்தேன். ஒரு வார்த்தை போதும், உன் காகிதம் வராது, உன் மே மாதம் நடக்காது, அது எனக்குத் தெரியும்.

வாயைத் திறந்தேன், எனக்கு என் ஓலை ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில் எனக்கும் உன் அம்மாவுக்கும் ஓலை வாசித்தபோது அப்போதிருந்த உபதேசியாரும் இப்படித்தான், முன்வரிசைக்குத் தாத்தா பேர் வரைக்கும் படித்தவர், எங்களுக்குச் சேரிப் பையன் ஒருவன் என்று படித்தார். என் நைனா பின்னால் கதவோரம் நின்றிருந்தார், தன் பேர் வரும் என்று புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். வரவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பேசாதது இன்றைக்கு வெளியே வந்தது. உபதேசியாரை நான் பார்க்கவில்லை, சாமியாரைப் பார்த்துச் சொன்னேன். "சாமி, ஆள் ஒருவன்னு படிச்சாரு. ஆளுக்குப் பேரு இருக்குது. அவங்க நைனாவுக்கும் பேரு இருக்குது. எல்லாருக்கும் படிக்கிற மாதிரி முழுசாப் படிக்கச் சொல்லுங்க."

சாமியார் எழுந்து வந்து உபதேசியார் கையிலிருந்த காகிதத்தை வாங்கி அவரே வாசித்தார். ட்ரினிடாட் தீவு, காலஞ்சென்ற ஜோசப் அகுஸ்தீன் குமாரன் செல்வின் அகுஸ்தீன் என்று. தொழில் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது போல, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து என்ன தொழில் என்று கேட்டார். ரயிலில் கார்டு என்று சொல்ல உன் அம்மா வாயெடுத்தாள். நான் ரன்னர் என்று சொன்னேன். ரன்னர் என்று அவரும் வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மறுபடி கேட்டார், நான் உட்காரவில்லை, யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. (பொன்னுசாமி வீட்டில் இதைக் கேட்டவுடன், லண்டன் ரன்னர் உத்தியோகத்தைச் சாமியாரே உறுதி செய்துவிட்டார் என்று மறுபடி விண்ணப்பம் எழுதுகிறார்கள். இதற்கு நான் பொறுப்பில்லை.)

ஆகவே ஒன்று முடிந்தது, இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. இரண்டுக்கும் நான் முன்வரிசையில்தான் உட்காரப் போகிறேன், யார் என்ன செய்கிறார்கள் பார்க்கிறேன். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலமே கையெழுத்து வாங்கி மறுநாள் முதல் பையில் நானே போட்டுவிடுவேன், பத்து நாளில் உனக்குக் கிடைக்கும், உங்கள் சாமியாரிடம் சொல்லி வை. இதைப் படித்துவிட்டு நைனாவின் கோபம் போய்விட்டது என்று நீ அழுது எழுத வேண்டாம். போகவில்லை. மறைத்ததற்கு மறைத்ததுதான். மாப்பிள்ளையை அவர் கையால், அவர் மொழியிலேயே ஆனாலும் சரி, எனக்கு நேராக ஒரு கடிதம் எழுதச் சொல், பெண் கேட்கிற வழக்கம் அந்தத் தீவில் இல்லையா. நல்ல சட்டை போட்ட போட்டோ ஒன்று அனுப்பச் சொல், அம்மா மாட்டி வைக்க வேண்டும் என்கிறாள். சதை கிழிந்த காலைக் குளிரில் திறந்து வைக்கக் கூடாது, படுக்கும் முன் உப்புப் போட்ட வெந்நீரில் வைத்து, விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும், மேலிருந்து கீழாகத் தேய்த்தால் பிரயோசனமில்லை. இது இங்கிலீஷ் டாக்டருக்குத் தெரியாது, ரன்னருக்குத்தான் தெரியும். கலியாணத்தன்று நீ சேலைதான் கட்ட வேண்டும், வெள்ளைக் கவுன் போட்டதாகத் தெரிந்தால் அதற்குத் தனியாகக் கோபிப்பேன். ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் தூங்காதே. தினமும் ஜெபமாலை சொல்.

வேளாங்கண்ணி மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். உன் அம்மா உன் நெற்றியில் போட வேண்டிய சிலுவையை இந்தத் தாளின் மூலையில் போட்டிருக்கிறாள், பார். உபதேசியாருக்கு ஒரு நமஸ்காரமும் நீ எழுத வேண்டியதில்லை. கீழே இருப்பது என் சொந்தக் கையெழுத்து, அதற்குக் கீழே சவரி எதையும் சேர்க்காமல் இருக்க ஒரு கோடும் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு
கோபம் இன்னும் மிச்சமிருக்கிற உன் நைனா
சூ. மதலைமுத்து, தபால் ரன்னர், செஞ்சி

————————

அக்கா, கோட்டைத் தாண்டிவிட்டேன், செஞ்சிக் கோட்டையை அல்ல, மேலே இருக்கிற கோட்டை. கோந்து எடுக்க நைனா உள்ளே போயிருக்கிறார். மே மாதம் முதல் தேதி சனிக்கிழமை இங்கே காலைப் பூசைக்கு அவர் இன்றைக்கே பேர் கொடுத்துவிட்டார், செல்வின், ஆரோக்கியம் இரண்டு பேரின் நல்வாழ்வுக்காக என்று. லீவுக்கும் எழுதிக் கொடுக்கப் போகிறாராம், இருபத்துமூன்று வருஷத்தில் அவர் கேட்கிற முதல் லீவு. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொன்னார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.